விசுவாசமான பெட்டி

பெட்டியே, உன்னைப் புகழ்வது என் கடன். எட்டு வருடம் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறாய். ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தப்பா சொக்கிளேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே உன்னைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். ரீவியோடு கொழுவிப் படம் பார்க்கிற, உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி. விசிறி இல்லை, சுழல்கிற பாகம் ஒன்றுமில்லை. மின்சாரம் ஏறி இறங்கிய போக்கில் எங்கள் பிறிஜ் ஒருமுறை எரிந்தது, தண்ணீர்ப் பம்ப் இரண்டுமுறை எரிந்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அராலிப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று சைக்கிள் றிம்மையும் யன்னல் கம்பியையும் தின்றது. உன் அடியில் இருக்கும் நான்கு சின்ன ஆணிகளை அது தொடவில்லை. உன்னைச் செய்த கைகள் தொழில் தெரிந்த கைகள். இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனாலும் உன் குணங்களில் பெரியது உறுதி அல்ல, விசுவாசம்.

போன தை மாதம் அம்மா அக்காவின் கலியாண வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டா. 1986இல் எடுத்தது. அதில் அப்பா சால்வையோடு பந்தல் வாசலில் நின்று ஆட்களை வரவேற்பார். அப்பாவின் குரல் பதிவாகியிருக்கும் ஒரே இடம் அதுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது அந்தக் கசற் அம்மாவின் பைக்குள், காணி உறுதிகளுக்கும் அரிசிக்கும் நடுவே, நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. பிறகு ஒருவர் கையில் கனடாவுக்குப் போனது. அங்கே கணினிக் கோப்பாக மாறி, ஒரு பென்ரைவில் ஊருக்குத் திரும்பி வந்தது. இவ்வளவு தூரம் வந்த படத்தை உன் முதுகில் செருகினோம்.

நீ கணக்குப் பெயர் கேட்டாய், கொடுத்தோம். கடவுச்சொல் கேட்டாய், கொடுத்தோம். அவற்றைச் சரிபார்க்கும் சேர்வரை உன்னைச் செய்தவர்கள் எப்போதோ மூடிவிட்டிருந்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடியும் கணக்குப் பெயர் கேட்டாய். வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எத்தனை கொட்டைப்பாக்கு என்று சொல்கிறவனை இந்த ஊரில் பிறந்த நாளில் இருந்து பழமொழியில் கேட்டு வருகிறேன். அன்றைக்குத்தான் அவனை நேரில் கண்டேன்.

பென்ரைவ் எங்களுடையது. படம் எங்களுடையது. நீ குடிக்கும் மின்சாரத்துக்கு மாதாமாதம் காசு கட்டுவதும் நாங்கள். ஆனாலும் எங்கள் படத்தை எங்களுக்குக் காட்டுமுன் கடல் கடந்து இருக்கிற உன் எசமானிடம் உத்தரவு கேட்டாய். எசமான் வாசலைப் பூட்டிக்கொண்டு போய்ப் பல காலம் ஆன பிறகும் அந்த வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்தாய். இப்படி ஒரு பற்றை உயிருள்ள ஒன்றிடம் கண்டிருந்தால் அதற்குக் கல் நட்டிருப்பார்கள். அம்மா அரை மணித்தியாலம் கதிரையில் இருந்தா. பிறகு எழும்பிப் போய்ச் சுவாமிக்குப் பூ ஆய்ந்தா.

சந்தியில் ரீவி திருத்துகிற தம்பியிடம் உன்னைக் கொண்டுபோனேன். ஆணி கழற்றி, மூடியை எடுத்து, மீற்றரின் ஊசிகளை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தான்.

“அண்ணை, இதில பழுதெண்டு ஒண்டுமில்லை. ஐஞ்சு வோல்ற்றும் நேரா வருது. நான் எதைத் திருத்துறது?”

“அப்ப ஏன் படம் காட்டுதில்லை?”

“காட்ட வேண்டாமெண்டு சொல்லி வைச்சிருக்கினம். அது காட்டாது.”

காசு வாங்க மறுத்துவிட்டான்.

எந்த உறுப்பும் சாகாமல் செத்திருக்கிறாய். நாலு கோர் செயலி, 2 ஜிபி நினைவகம், 16 ஜிபி சேமிப்பு, எல்லாம் வந்த நாளில் இருந்த அதே நலத்தோடு இருந்தன. ஔவையும் இப்படித்தான் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்ந்தாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் அவள் கண்ட படைகள் உண்மையாகவே மாலை சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் மின்னின. அவளைத் தூது அனுப்பிய அதியமானின் வேல்கள் உண்மையாகவே நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடந்தன. நானும் கண்டதைத்தான் சொல்கிறேன். சங்கரத்தையில், சித்தங்கேணியில், மூளாயில், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில் உன் இனத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கீறல் இல்லை. றிமோட்டின் பிளாஸ்ரிக் உறைகூடச் சிலவற்றில் அப்படியே இருக்கிறது. அவ்வளவு பவுத்திரமான ஓய்வு.

உன் குலத்தில் மூத்த ஒன்றையும் இவ்விடத்தில் வாழ்த்த வேண்டும். 2007 ஜனவரி 9 அன்று, ஐபோனைக் காட்டிய அதே மேடையில் ஸ்ரீவ் ஜொப்ஸ் அறிமுகம் செய்த அப்பிள் ரீவி. விலை 299 டொலர். 1 கிகாஹேர்ட்ஸ் இன்ரெல் செயலி, 256 மெகாபைட் நினைவகம், 40 ஜிபி வன்தட்டு. கணினி ஒன்றுக்கு வேண்டிய எல்லாம் அதற்குள் இருந்தன. முதுகில் ஒரு யூஎஸ்பி வாயிலும் இருந்தது. அது பழுது பார்ப்பதற்கும் சோதனைக்கும் மட்டுமே என்று தயாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் ஒரு பென்ரைவைச் செருகி அதில் இருக்கிற படத்தைப் பார்க்க வழி வைக்கவில்லை. திருத்தமாகச் செய்த வாயில், காசு கொடுத்தவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஆனது.

அந்த வாயிலால்தான் ஆட்கள் உள்ளே போனார்கள். றிமோட்டில் மெனுப் பொத்தானையும் கழித்தல் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பெட்டி மீட்பு நிலைக்குப் போகும். அந்த நேரம் யூஎஸ்பியில் ‘மீட்பு’ என்று அடையாளமிட்ட பிரிவு ஒன்று இருந்தால் அதிலிருந்தே எழும்பும். அந்த அடையாளம் ஒரு நீண்ட எண். அதன் முன்பகுதியை எழுத்துகளாக மாற்றிப் படித்தால் மீட்பைக் குறிக்கும் ‘ரிக்கவரி’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஆறு எழுத்தும் வரும். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பூட்டைச் செய்தவர்களில் ஒருவர் அதற்குள் எழுதி வைத்த சொல் மீட்பு.

உள்ளே போனாலும் அந்தப் பெட்டியின் துவக்க ஒழுங்கு அப்பிளின் கருநிரலைத்தான் எதிர்பார்த்து நிற்கும். ஆகவே ஸ்கொற் டவிலா என்பவர் ‘ஏரிவி-பூற்லோடர்’ என்ற துவக்கியை எழுதினார். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் சிறிய வடிவம் ஒன்று அப்பிள் கருநிரலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைக் கடக்கும். கடந்ததும், தனக்குப் பின்னால் நிற்கிற முழு லினக்ஸைக் கூப்பிட்டு அமர்த்திவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். 1080 வரிப் படத்துக்கு அந்தச் செயலியின் பலம் போதவில்லை. ஆட்கள் உள்ளே இருந்த வைஃபை அட்டையைக் கழற்றி, அந்த இடத்தில் புறோட்கொம் நிறுவனத்தின் கிறிஸ்ரல் எச்டி அட்டையைச் செருகினார்கள். படம் ஓடியது. 2018 மே 25 முதல் அந்த முதல் தலைமுறைப் பெட்டிகளுக்கு ஐரியூன்ஸ் கடையின் கதவை அப்பிள் மூடியது. பதினொரு வருடம் தாங்கும்படி அவர்கள் அதைச் செய்திருந்தார்கள். தாங்கிய உடம்புக்கான புகழ் முழுவதும் அவர்களுக்கே சேரும். மூடிய கதவுக்கான புகழையும் வேறு யாருக்கும் பங்கு வைக்க முடியாது.

லினஸ் ரோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஹெல்சிங்கியில் இருந்து இந்த லினக்ஸைப் பற்றி உலகுக்கு அறிவித்தது 1991 ஓகஸ்ட் 25. அந்த ஓகஸ்டில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியதோடு போனது. பற்றரி தடை செய்த பொருள்களில் ஒன்று. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திக் கையால் பெடலைச் சுற்றுவோம். டைனமோவில் இருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். நான் சுற்ற, அப்பா ரேடியோவோடு காதை ஒட்டிவைத்து பிபிசி தமிழோசை கேட்பார். நான் களைத்தால் செய்தியும் களைக்கும். “சுத்து தம்பி, சுத்து” என்பார். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. எழுப்புவதற்கு மட்டும் சூப்பிப் போத்தலில் இருந்து பெற்றோல் சில துளி. அந்த டைனமோவை விளக்கு எரியத்தான் செய்திருந்தார்கள். ரேடியோவைக் கொழுவியபோது அது எவரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அப்படிப்பட்ட பொருட்களோடு வாழ்ந்த வீட்டுக்குள் நீ வந்தாய். அதனால்தான் உன் நற்குணம் எங்களுக்கு இவ்வளவு நோகிறது.

அக்காவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். உன்னை மேசையில் கவிழ்த்து வைத்து, உன் முதுகில் இருக்கும் சின்ன ஏவி துளைக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள்.

“மாமா, முத்தத்தில ஈர்க்குக் கிடந்தா ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ.”

விளக்குமாற்றில் இருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். அந்தத் துளையின் அடியில், வெளியே தெரியாமல், ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தபடி மின்சாரத்தைக் கொடுத்தால், உள்ளே இருக்கிற பழைய மென்பொருளைத் தேடாமல் முதலில் யூஎஸ்பியைப் பார்ப்பாய். உன்னோடு வந்த கடதாசியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெட்டியே, அந்தப் பொத்தானை அங்கே வைத்தவரை நான் தலை தாழ்த்தி வணங்குகிறேன். அவர் நினைத்திருந்தால் வைக்காமலே விட்டிருக்கலாம். அதைச் சொல்லாமல் விட்டவர்களையும் மறக்கமாட்டேன்.

அவள் கோர்எலெக் என்ற லினக்ஸை இறக்கி ஒரு பென்ரைவில் எழுதி வைத்திருந்தாள். உன் போன்ற பெட்டிகளில் இருக்கிற அம்லொஜிக் சில்லுகளுக்காகவே 2018இல் லிப்ரெஎலெக் என்ற இன்னொரு லினக்ஸில் இருந்து பிரிந்து வளர்ந்தது அது. முதல்முறை செருகியபோது திரை கறுப்பாகவே இருந்தது. அவள் கலங்கவில்லை. மேசைக் கணினி தன் பாகங்களைத் தானே எடுத்துச் சொல்லும், இந்தச் சின்னப் பலகைகள் சொல்லமாட்டா, நினைவகம் எவ்வளவு, எச்டிஎம்ஐ எங்கே, றிமோட்டின் கண் எந்தக் கம்பியில் என்று ஒரு வரைபடக் கோப்பு கூடவே இருக்க வேண்டும் என்றாள். அதற்கு ‘டிவைஸ் ரீ’ என்று பெயர். உன் குடும்பத்துக்குப் பல வரைபடங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்து, பெயர் மாற்றி, மறுபடி ஈர்க்கை விட்டு, மறுபடி மின்சாரத்தைக் கொடுத்தாள். இரண்டாவதும் கறுப்பு.

நான் வெளியே போய் ஒழுங்கையில் நின்றேன். ஊர்த் தேவாலயத்தின் நினைவு வந்தது. எங்கள் ஊரில் போர்த்துக்கேயர் காலத்தில் எழும்பி ஒல்லாந்தர் கைக்கு மாறிய தேவாலயம் ஒன்று கூரை இல்லாமல் பாழ்பட்டு நின்றது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்கு அந்தச் சுவர்கள் கிடைத்தன. கூரை போட்டார்கள். 1823இல் இதே வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். கட்டியவர் ஒருவர், கைவிட்டவர் ஒருவர், கூரை போட்டவர் ஒருவர், படித்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்தச் சுவர்கள் கட்டியவரின் கடவுச்சொல்லைக் கேட்கிற வகையில் கட்டப்படவில்லை.

“மாமா!”

மூன்றாவது வரைபடம் உன்னுடையது. திரையில் எழுத்து வந்தது, பென்ரைவில் இடத்தை விரித்துக்கொண்டது, ஒருமுறை அணைந்து எழும்பியது. படம் காட்டுகிற ‘கோடி’ என்ற மென்பொருளின் முகப்பு வந்ததும் அவள் முதல் வேலையாக மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிவுசெய்தாள். அங்கே தமிழ் இருந்தது. சம்பளம் வாங்காத ஆட்கள் ஓய்வு நேரத்தில் இருந்து மொழிபெயர்த்தது. கணக்குப் பெயர் கேட்கவில்லை. இரண்டாவது யூஎஸ்பியில் அம்மாவின் பென்ரைவைச் செருகினாள்.

அதே நாலு கோர், அதே 2 ஜிபி. உன்னில் ஒரு பாகமும் மாற்றவில்லை. நிறம் வெளிறிய பந்தல் தெரிந்தது, வாழைமரம் தெரிந்தது, நாதஸ்வரம் கொஞ்சம் இழுத்து இழுத்துக் கேட்டது. அப்பா வாசலில் நின்றார். “வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்றார். அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, “இன்னொருக்கால் விடு பிள்ளை” என்றா. அன்றைக்கு அந்த இடத்தை மட்டும் ஏழு முறை பார்த்திருப்பா.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் உனக்குச் செய்யும் அநியாயம். உனக்குள் இருக்கும் பழைய மென்பொருளை நாங்கள் அழிக்கவில்லை. லினக்ஸ் முழுவதும் பென்ரைவிலேயே ஓடுகிறது. அதைக் கழற்றிவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் நீ பழையபடி எழும்பி, பழைய வாசலில் போய் நின்று, பழைய கேள்வியைக் கேட்கிறாய். ஒருநாள் மருமகள் கழற்றிக் காட்டினாள். உன் விசுவாசம் ஒரு இம்மியும் குறையவில்லை. அம்மா அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அதைத் திருப்பிச் செருகு பிள்ளை, அப்பா உள்ளுக்கை நிக்கிறார்” என்றா.