உரிமம் கேட்ட பெர்னேஸ்

அமெரிக்காவில் முடி வெட்டப் பல மாநிலங்களில் உரிமம் வேண்டும். ஊர் மக்களின் கருத்தை வெட்டி ஒட்ட எதுவும் வேண்டாம். விசிட்டிங் கார்டு போதும்.

இந்த அநியாயத்தைக் கண்டு கொதித்தவர் மக்கள் தொடர்பாளர் எட்வர்ட் பெர்னேஸ். சிக்மண்ட் ஃபிராய்டின் சகோதரி மகன். 1929 ஈஸ்டர் ஊர்வலத்தன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்களைச் சிகரெட்டும் கையுமாக நடக்கவிட்டு, அதற்கு ‘விடுதலைத் தீப்பந்தங்கள்’ என்று பெயரும் சூட்டியவர். பெண் விடுதலைக்கான செலவு அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியுடையது. பிற்காலத்தில் அவருக்குப் பெருங்கவலை வந்துவிட்டது: கண்டவரெல்லாம் மக்கள் தொடர்பாளர் என்று சொல்லிக்கொள்கிறார்களே! 1995-இல் 103 வயதில் காலமானவர், முதுமையிலும் அரசு உரிமம் கேட்டு ஓயாமல் வாதாடினார். 1929-இல் உரிமம் இருந்திருந்தால் முதலில் யாருடையது ரத்தாகியிருக்கும் என்று கேட்பது மரியாதையல்ல.

அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் 1964-இல் ஏ.பி.ஆர். என்ற அங்கீகாரத்தைத் தொடங்கியது. குழு முன் நேர்காணல், பிறகு கணினித் தேர்வு. தேறினால் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து. தேறாதவரும், தேர்வுப் பக்கமே தலைவைக்காதவரும் அதே வேலையைத் தாராளமாகச் செய்யலாம். பிரேசிலோ இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த 1967-இல் சட்டமே போட்டுவிட்டது.

பிரிட்டனில் மக்கள் தொடர்புச் சங்கத்துக்கும் பல் உண்டு. தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்து நிறுவனத்துக்காக இனப்பகையைக் கிளறிய பெல் பாட்டிஞ்சர் என்ற மக்கள் தொடர்புக் கம்பெனியை 2017 செப்டம்பரில் வெளியேற்றினார்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பி வரக் கூடாது என்று கெடு வேறு. கம்பெனி அந்தச் சிரமத்தையே வைக்கவில்லை. அதே மாதம் திவால் நிர்வாகிகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டது.