பிடில் நிறத்தில் ஒரு புல்வெளி

(ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு. மாணவர் மென்பொருள்காரர், எதையும் சனி, ஞாயிறுக்குள் முடித்துவிடுபவர். மாஸ்டர், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாண்டில் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘தி ஹே வெய்ன்’ நகல். ஆற்றில் வைக்கோல் வண்டி நிற்பதாக மூலத்தில் இருக்கிறது.)

மாணவர்: முடிஞ்சுது மாஸ்டர். வார்னிஷ் அடிச்சிடலாமா?

மாஸ்டர்: தம்பி, போன வாரம் பூசின வானமே இன்னும் விரல்ல ஒட்டுது. வார்னிஷுக்கு ஆறு மாசமாவது பொறுக்கணும்.

மாணவர்: ஹேர் டிரையர் இருக்கே!

மாஸ்டர்: காய வேண்டியது தண்ணியா இருந்தா டிரையர் போதும். இது ஆளிவிதை எண்ணெய். காத்துல இருக்கிற ஆக்ஸிஜனைக் குடிச்சுக் கெட்டியாகுது. அது குடிக்கிற வேகத்துலதான் குடிக்கும். அது கிடக்கட்டும், புல்லு ஏன் வெந்தயக் குழம்பு மாதிரி இருக்கு?

மாணவர்: போன்ல பார்த்தா பச்சை, கடையில வாங்கின பிரின்ட்ல பழுப்பு. பிரின்ட்தான் பழைய ஓவியம் மாதிரி கம்பீரமா இருந்தது.

மாஸ்டர்: சர் ஜார்ஜ் போமான்ட் மறுபடி பிறந்துட்டார்! கான்ஸ்டபிளுக்கு நண்பர், பெரிய ஓவிய ரசிகர். படம்னா பழைய பிடில் நிறத்துல இருக்கணும்னார். கான்ஸ்டபிள் ஒரு பிடிலை எடுத்துட்டுப் போய் வீட்டு முன்னால புல்தரையில வெச்சுட்டாராம்.

மாணவர்: அப்புறம்?

மாஸ்டர்: அப்புறம் என்ன? பிடில் பழுப்பா இருந்தது, புல்லு பச்சையா இருந்தது. பழைய படங்கள்ல பாதிப் பழுப்பு, மஞ்சளாப் போன வார்னிஷ். நீங்க அழுக்கைக் காப்பியடிச்சிருக்கீங்க.

மாணவர்: சரி, பச்சை டியூப் ஒண்ணு பிதுக்கிடறேன்.

மாஸ்டர்: ஒண்ணா! பலவிதப் பச்சைகளைச் சேர்த்ததாலதான் கான்ஸ்டபிள் புல்வெளிக்கு அந்த உயிர்னு பிரெஞ்சு ஓவியர் டெலக்ரவா டைரியில எழுதியிருக்கார். அத்தனை பச்சையும் எடுப்பாத் தெரியத்தான் குதிரைச் சேணத்துல சிவப்பு.

(மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். நல்ல சகுனம் அல்ல.)

மாணவர்: உண்மையைச் சொல்லணும்னா, காப்பியடிக்கவே கூச்சமா இருக்கு. என் சொந்த பாணி எப்ப வரும்?

மாஸ்டர்: 1823-ல கான்ஸ்டபிள் அதே போமான்ட் வீட்டுல தங்கி, பழைய காலத்து ஓவியர் க்ளோட் லொரெய்னோட படங்களைப் பார்த்துக் காப்பி பண்ணிட்டிருந்தார். ‘ஹே வெய்ன்’ வரைஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு. வயசு 47. அவருக்கு வராத கூச்சம் உங்களுக்கு.

மாணவர்: வீடாவது நல்லா வந்திருக்குல்ல?

மாஸ்டர்: அது வில்லி லாட்டுங்கிற விவசாயியோட வீடு. எண்பது வருஷத்துல மனுஷன் நாலு முழு நாள்கூட வெளியே தங்கினதில்லையாம். இப்படிச் சாய்ஞ்சிருந்தா முதல் ராத்திரியே ஓடியிருப்பார். ஆமா, நாய்க்குப் பக்கத்துல கரையில ஏதோ கறை?

மாணவர்: கறை இல்லை மாஸ்டர், பிரின்ட்லயே இருக்கு. என்னன்னு தெரியலை, இருந்துச்சு, போட்டேன்.

மாஸ்டர்: அடப்பாவி! அங்கே முதல்ல ஒரு குதிரை வரைஞ்சார். பிடிக்கலை, பீப்பாயா மாத்தினார். அதுவும் பிடிக்காம மேலே வண்ணம் பூசி மூடினார். நாளாக ஆக மேல்பூச்சு ஒளி ஊடுருவுறதா மாறி, மறைச்சது எட்டிப் பார்க்குது. அவர் வேண்டாம்னு அழிச்சதை நீங்க சிரத்தையா வரைஞ்சிருக்கீங்க.

மாணவர்: அப்ப நானும் முதல்ல குதிரை போட்டு, அதைப் பீப்பாயாக்கி, அப்புறம் மூடணுமா?

மாஸ்டர்: உங்களுக்கு ஒரு வேலை மிச்சம், தம்பி. வண்டியில பூட்டியிருக்கிற உங்க குதிரைங்க ஏற்கெனவே பீப்பாய்தான்.