குறட்டைக்கு ஊசி உண்டா?

கேள்வி: என் கணவர் படுத்த ஐந்தாவது நிமிஷத்தில் குறட்டை விடத் தொடங்குகிறார். நடுவே சப்தம் சட்டென்று நின்று, பிறகு பெரிய உறுமலோடு மறுபடி கிளம்புகிறது. சப்தம் நின்ற நேரத்திலாவது அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நான் ஆறுதல் கொள்ளலாமா?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, குறட்டையைக் கண்டு அஞ்சுவதைவிட அந்த நிசப்தத்தைக் கண்டுதான் தாங்கள் அஞ்ச வேண்டும். சில வருஷங்களுக்கு முன் திருநெல்வேலிக்குப் போகும் இரவு ரயிலில் என் எதிர்ப் பெர்த்தில் படுத்திருந்த பெரியவர் ஒருவர், விழுப்புரம் தாண்டுவதற்குள் பெட்டி முழுவதையும் விழிக்க வைத்துவிட்டு, பின்பு திடீரென்று ஓசையடங்கிப் போகவே, மற்றவர்களெல்லாம் ‘அப்பாடா’ என்று புரண்டு படுத்தார்கள். இரவு விளக்கின் நீல வெளிச்சத்தில் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பு எழும்பத் தவிக்கிறது, வயிறு குழிந்து குழிந்து மேலெழுகிறது, மூக்கிலோ வாயிலோ காற்று மட்டும் போகவில்லை. என் கைக்கடிகாரத்தில் முப்பத்தெட்டு வினாடிகள் ஓடிய பிறகு, கிணற்றில் மூழ்கினவன் தலை தூக்குவதுபோல் உடம்பை ஒரு உதறு உதறி, ஒரு வாய்க் காற்றை விழுங்கினார். கண் திறக்கவேயில்லை. காலையில் காபி குடிக்கும்போது, “ரயில் ஏறினால் போதும், தம்பி, எனக்கு அருமையாகத் தூக்கம் வந்துவிடும்” என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று.

வைத்தியர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்வாங்கி, சுவாசக் குழாயின் வாயில் அடைபட்டுப் போகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய மூளை பதறிக் கணநேரம் விழித்து வழி திறக்கிறது. திறந்ததும் தூங்கிப் போகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் தடைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மணிக்கு ஐந்துக்கு மேல் போனால் வியாதி, பதினைந்துக்கு மேல் மத்தியமம், முப்பதைத் தாண்டினால் கடுமை. கடுமையானவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தால் இருநூற்று நாற்பது தடவைக்கு மேல் கழுத்தை யாரோ நெரித்துவிட்டு விடுவதற்குச் சமம். ரத்தக் கொதிப்பும், இருதயக் கோளாறும், பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுவதும் இதன் பின்னாலேயே வருகின்றன. தங்கள் கணவரை இந்த மாதத்திற்குள்ளேயே ‘ஸ்லீப் ஸ்டடி’ என்னும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: உடம்பு இளைக்கப் போடும் ஊசி இந்த வியாதிக்கும் மருந்தாமே, மெய்தானா?
(ஒரு பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

பதில்: மெய்தான், மெய் எவ்வளவு, எது வரை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிர்ஸெபடைட் என்பது வாரத்துக்கு ஒரு தடவை தோலடியில் போட்டுக்கொள்ளும் ஊசி. உணவுண்டபின் நம் குடலில் இயல்பாகச் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களைப் போல் நடித்து, பசியை அடக்கி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, இரண்டு இட்லியிலேயே இலையை மூடச் செய்கிறது. சர்க்கரை வியாதிக்கென்று பிறந்த இந்த மருந்தை, உடல் பருத்து ஸ்லீப் ஆப்னியாவும் கொண்ட 469 பேரிடம் 52 வாரம் பரீட்சித்து, 2024 ஜூனில் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் ஆண்கள். காற்றூதித் தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் என்ற சுவாச இயந்திரம் வைத்துக்கொள்ளாத பிரிவினருக்குத் தொடக்கத்தில் மணிக்குச் சுமார் 51 தடை. ஊசி போட்டவர்களுக்கு அதில் 25 குறைந்தது, வெற்றூசி போட்டவர்களுக்கு ஐந்துதான் குறைந்தது. இயந்திரம் பழகிய பிரிவிலும் ஏறக்குறைய இதே கதை. அங்கே 29 குறைந்தது. தேக எடையோ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிற்று. அதன் பேரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 டிசம்பரில், பருத்த தேகமுடைய பெரியவர்களின் மத்தியம, கடுமை நிலைகளுக்கு, உணவுக் குறைப்பும் தேகப்பயிற்சியும் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஸெப்பவுண்ட் என்ற பெயரில் இதை அங்கீகரித்தது. இந்த வியாதிக்கென்றே அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து இதுதான். அதே சரக்கு மௌன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

எனக்கு இதில் உண்மையான சந்தோஷம். ‘இளையுங்கள், ஐயா’ என்று உபதேசித்து அனுப்புவதைத் தவிர வைத்தியர் கையில் மாத்திரையோ ஊசியோ இல்லாதிருந்த ஒரு வியாதிக்கு, அந்த உபதேசத்தை நிறைவேற்றித் தரும் ஔஷதம் வந்திருக்கிறது. ஆனாலும் கணக்கைக் கவனியுங்கள்: ஐம்பதிலிருந்து இருபத்தைந்து குறைந்தால் மிச்சம் இருபத்தைந்து, அதுவும் மத்தியம வியாதியே. சராசரியைப் பார்த்து மயங்காமல், வியாதி அடங்கினவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்தான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வயிறு இளைத்தால் தொண்டை எப்படித் திறக்கும்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
(ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: நாக்கிலேயே கொழுப்பு சேருகிறது, தம்பி! வாய்க்கொழுப்பு என்று நம்மவர்கள் வேறு பொருளில் சொல்லிவந்தது சரீர சாஸ்திரத்திலும் நிஜமாயிருக்கிறது. எடை இறங்கும்போது நாக்கின் கொழுப்பும் கரைந்து, அதனாலேயே பெரும்பாலும் மூச்சுவழி விரிகிறது என்று படமெடுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தொந்தியும் தன் பங்குக்கு, மல்லாந்து படுத்தவுடன் உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலைக் குறுக்குகிறது.

கேள்வி: ஆண்களையே இது ஏன் அதிகம் பிடிக்கிறது?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் தங்கும் கொழுப்பு ஆண்களுக்குக் கழுத்திலும் வயிற்றிலும் வந்து உட்காருகிறது, ஆண்களின் மூச்சுவழியில் தளர்ந்து மடங்கக்கூடிய பாகமும் நீளம். சட்டையின் கழுத்துப் பட்டி 17 அங்குலத்தைத் தாண்டினால் சந்தேகப்படலாம் என்பது வைத்தியர்களின் பழைய கணக்கு. தையல்காரர் நாடா பிடிக்கும்போதே தெரிந்துவிடுகிற விஷயம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது பெருகுகிறது, ஆகையால் வீட்டுப் பெரியம்மாக்களின் குறட்டையையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

கேள்வி: நான் இரண்டு வருஷமாகச் சிபாப் மெஷினோடு படுக்கிறேன். முகத்தில் யானைத் துதிக்கை என்று பேரன் சிரிக்கிறான். ஊசி தொடங்கிவிட்டேன், இனி மெஷினைப் பரண்மேல் போட்டுவிடலாமா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மதுரை)

பதில்: போட்டுவிடாதீர்கள், ஐயா! ஊசி தன் வேலையை முடிக்க மாதக் கணக்காகும். தங்கள் துதிக்கையோ மாட்டிய முதல் இரவிலேயே தொண்டையைத் திறந்துவைக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்தில் காலின் ஸல்லிவன் என்ற வைத்தியர், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் காற்று ஊதும்படி அமைத்து நோயாளிகளின் மூக்கில் மாட்டிப் பார்த்தார். அதுவரையில் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதே பிரதான வழியாயிருந்தது என்பதை அறிந்தால், பேரனும் அந்தத் துதிக்கைக்குக் கும்பிடு போடுவான். எடை நன்றாக இறங்கி ஓரிடத்தில் நிலைத்த பிறகு, மறுபடி ஸ்லீப் ஸ்டடி செய்து, மணிக்கு எத்தனை தடை என்று எண்ணைக் கண்ணால் பார்த்து, வைத்தியர் வாய்விட்டுச் சொன்னபின்புதான் இயந்திரத்துக்கு விடை கொடுக்கலாம். குறட்டை நின்றதென்று வீட்டார் சொல்வதை மாத்திரம் நம்பிவிட வேண்டாம். சப்தமில்லாமலும் மூச்சு அடைபடும்.

கேள்வி: நான் ஒல்லி. அறுபது கிலோவைத் தாண்டியதில்லை. எனக்கும் இந்த வியாதி என்கிறார்கள். ஊசி போடலாமா?
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வேண்டாம். கரைக்க ஒன்றுமில்லாத இடத்தில் ஊசி எதைக் கரைக்கும்? சிறிய தாடை, உள்வாங்கிய மோவாய், பெரிய டான்ஸில் ஆகியவற்றாலும் வழி அடைபடும். ஆசிய முகவமைப்பில் இது சகஜம். கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல்கட்டு, சிபாப், சிலருக்கு அறுவை சிகிச்சை என்று தங்களுக்கான மார்க்கம் வேறு.

கேள்வி: இளைத்த பிறகு ஊசியை நிறுத்திவிடலாம் அல்லவா? மாதாமாதம் செலவு தாங்கவில்லை.
(ஒரு கடைக்காரர், ஈரோடு)

பதில்: தங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது வீட்டு வாடகை போன்ற பாரம். இருந்தும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: நிறுத்தியவர்களில் பெரும்பாலோர்க்குப் பசி திரும்புகிறது, பசியோடு எடையும் திரும்புகிறது, எடையோடு நாக்கும் பழையபடி பருக்கிறது. ரத்தக் கொதிப்பு மாத்திரையைப்போல் நெடுங்காலச் சிகிச்சையாகவே இதை வைத்தியர்கள் கருதுகிறார்கள். தாங்க முடியாத செலவில் ஆறு மாதம் போட்டு ஏமாறுவதைக் காட்டிலும், தொடங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் வருமானத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. மருந்தில்லாமல் குறைத்த எடையும் வீண்போவதில்லை; பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தவர்களுக்கு மூச்சுத் தடைகள் கால் பங்கு குறைந்ததாக அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி 2000இல் சொல்லிற்று. இரவில் மது அருந்துவதை விடுவதும், ஒருக்களித்துப் படுப்பதும் காசில்லாத உதவிகள்.

கேள்வி: மைத்துனரிடம் மிச்சமிருக்கும் ஊசியை நான் போட்டுக்கொள்ளலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: கூடவே கூடாது. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் சாதாரணமாக வரும். பித்தப்பைக் கல்லும் கணைய வீக்கமும் சிலருக்கு வரும். குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்று இருந்தவர்களுக்கு இந்த மருந்தே ஆகாது. 2.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டியதை மைத்துனரின் அளவிலேயே தொடங்கினால் மூன்று நாள் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார நேரும். மேலும் எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இரைப்பையில் தங்கிய உணவு மயக்கத்தில் மூச்சுக்குழாயில் ஏறிவிடலாம்.

கேள்வி: அப்பா பரிசோதனைக்கே வர மறுக்கிறார். ‘குறட்டை விடாத ஆம்பிளை உண்டா’ என்கிறார். என்ன செய்வது?
(ஒரு மகள், சேலம்)

பதில்: வாதம் செய்யாதீர்கள், அம்மா. இரவு இரண்டு மணிக்கு அவர் அருகில் போனை வைத்து, குறட்டையும் நிசப்தமும் உறுமலும் சேர்ந்து வரும்படி பத்து நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் அவர் சாய்வு நாற்காலியில் இருக்கும்போது போட்டுக் காட்டி, நிசப்தம் வரும் இடத்தில், “அப்பா, இந்த நேரம் முழுக்க நீங்களும் மூச்சை அடக்கிப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். அவர் பாதியிலேயே மூச்சை விட்டுவிடுவார். பதிவில் நிசப்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால், அவருடைய சொந்தத் தலையணையையே எடுத்துப் போங்கள். அயல் தலையணையில் சில அப்பாக்களுக்குத் தூக்கம் வருவதில்லை.