ஏஜென்ட் தேடும், கையெழுத்து யாருடையது?

கொடைக்கானலில் இருந்தபடியே தனியாக ஆலோசனைத் தொழில் செய்கிறேன். ஆய்வு வேலையை ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறது. இனி நான் ஏரியில் படகு விடலாம்தானே?
*வாசகர், கொடைக்கானல்*

விடுங்கள். அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுவது ஏஜென்ட்டா, நீங்களா? அதற்குப் பதில் தெரிந்தால், கரையேறும் நேரமும் தெரிந்துவிடும்.

அப்படியானால் ஏஜென்ட்டே வேண்டாம் என்கிறீர்களா?
*வாசகர், பெருமாள்மலை*

கட்டாயம் வேண்டும். உங்கள் மலையிலுள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் டிஜிட்டல் ஆகிவிட்டன. நூறாண்டுக் கரும்புள்ளிகளைக் கணினி சலிக்காமல் அலசுகிறது. ஆனால், அந்தப் படங்களை எடுத்தவர்கள் மேகம் விலகும்வரை காத்திருந்த மனிதர்கள். யாரோ நேரில் பார்த்துப் பதிந்து வைத்ததைத்தான் ஏஜென்ட் தேடித் தரும்.

மலைப்பூண்டு வியாபாரம் பற்றி ஏஜென்ட் தந்த அறிக்கையை வாடிக்கையாளருக்கு அப்படியே அனுப்பலாமா?
*வாசகர், பூம்பாறை*

கொடைக்கானல் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஏஜென்ட் நொடியில் சொல்லிவிடும். ஆனால், இன்றைய விலைக்கு வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் ஒரு வியாபாரிக்கு போன் போடுங்கள். வாடிக்கையாளர் உங்களுக்குக் காசு கொடுப்பது அந்த ஒரு போனுக்குத்தான்.