கட்டணத் திண்ணை

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம் 1996-இல் திறக்கப்பட்டது. தென்மாநிலப் பழைய வீடுகள் பல பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு இங்கே மறுபடி எழுந்து நிற்கின்றன. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் தாத்தா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிய குடும்பங்கள், பொங்கல் விடுமுறையில் டிக்கெட் எடுத்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்கின்றன. குயவர் சக்கரமும் கிளி ஜோசியமும் உபரி.

குரோம்பேட்டையை ஒட்டிய பல்லாவரத்துக்கோ வரலாறு இன்னும் நீளம். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த கற்கருவியில்தான் இந்தியப் பழங்கற்கால ஆய்வே தொடங்குகிறது. இன்று அவ்வூரில் பழம்பொருள் பார்க்க வெள்ளிக்கிழமைச் சந்தை உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. தொட்டுப் பார்க்கலாம், பேரமும் பேசலாம். விளக்கப் பலகைதான் கிடையாது. பொருளின் வயதைக் கடைக்காரரே சொல்வார், வாங்க வந்தவரின் சட்டையைப் பார்த்து.