மடிக்கணினியைச் சுவரில் கட்டும் கலை: டிவி டியூனர் குறித்து ஓர் ஆய்வு

மடிக்கணினியின் பெருமை, அதை எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது. டிவி டியூனரின் பெருமை, அதை மாட்டிய பிறகு மடிக்கணினியை எங்கும் நகர்த்த முடியாது என்பது. இந்த இரண்டாவது உண்மையை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், தமிழ்நாட்டு வீடுகளும் கல்லூரி விடுதிகளும். ஆய்வுக்காலம், அனலாக் கேபிளின் அந்திமக்காலம்.

இக்காலத்துக்கு அரசாணைச் சான்றும் உண்டு. 2006 செப்டம்பர் 15 அன்று ஓர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று இன்னோர் அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. இரண்டும் அண்ணா பிறந்தநாள்தான். இரண்டும் இருக்கிற வீட்டில் மடிக்கணினியில் எதற்கு டிவி என்று கேட்பவர், கிரிக்கெட்டும் சீரியலும் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளும் வீட்டில் வாழ்ந்தவர் அல்லர்.

சென்னை ரிச்சி தெருவில் ‘எக்ஸ்டர்னல் டியூனர்’ என்று கேட்டால் இருவேறு இனங்கள் மேசைக்கு வரும். முதலாவது பெட்டி இனம். மானிட்டருக்கும் சிபியுவுக்கும் நடுவே உட்கார்ந்து, கணினியை அணைத்துவிட்டாலும் படம் காட்டும். இதை மடிக்கணினிக்கென்று வாங்கிப் போனவர்களின் துயரம் தனி நூலுக்குரியது. பெட்டியிலும் நீல நிற விஜிஏ துளை, மடிக்கணினியிலும் நீல நிற விஜிஏ துளை. ஒயர் கச்சிதமாக உட்காரும், திருகாணியும் இறுகும், படம் மட்டும் வராது. மடிக்கணினியின் விஜிஏ துளை படத்தை வெளியே அனுப்பத்தான் செய்யும், உள்ளே வாங்காது.

இரண்டாவது, பென்டிரைவ் உருவத்தில் யூஎஸ்பியில் செருகும் இனம். மடிக்கணினிக்கு விதிக்கப்பட்டது இதுவே.

பழைய இலக்கண முறைப்படி பகுத்தால், இதன் முதற்பொருள் ஹால் மூலையும் மாலைப் பொழுதும். கருப்பொருள்: கேபிள் ஒயர், ஸ்ப்ளிட்டர், டிரைவர் சிடி, எப்போதும் பேட்டரி தீர்ந்திருக்கும் குட்டி ரிமோட். உரிப்பொருள் இருத்தல், அதாவது சேனல் ஸ்கேன் முடியும்வரை காத்திருத்தல். ஆகவே இது முல்லைத் திணை. இரங்கலுக்குரிய நெய்தலே என்று வாதிடுவோரும் உண்டு; அவர்கள் டிரைவர் சிடியைத் தொலைத்தவர்கள்.

ஸ்கேனுக்கு முன் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: எந்த நாடு? அவசரத்தில் அமெரிக்காவை விட்டுவைத்தால் அது 525 கோடுள்ள படத்தைத் தேடும். நம்முடையதோ 625 கோடு. சீனாவைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நுட்பமான விபத்து. கோடுகள் பொருந்திப் படம் வந்துவிடும், ஒலி மட்டும் வராது. இந்திய அனலாக் ஒளிபரப்பில் படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலி உட்கார்ந்திருந்தது, சீனாவில் 6.5. தவறான இடத்தில் காது வைத்த டியூனருக்கு இரைச்சல்தான் கிடைக்கும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போனவர்களை ஆய்வுலகம் மன்னிக்க வேண்டும்.

சுமையையும் கணக்கிடலாம். 720 புள்ளி அகலம், 576 உயரம், புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 சட்டகம்: பெருக்கினால் நொடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட். நொடிக்கு 12 மெகாபிட் மட்டும் கடத்தும் பழைய யூஎஸ்பிக்கு இது நடக்காத காரியம். 480 மெகாபிட் கடத்தும் யூஎஸ்பி 2.0 வந்த பிறகே பிழைப்பு ஓடியது. மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்தைச் சுருக்காமல் அப்படியே பதிவுசெய்தால் 224 ஜிகாபைட். அன்றைய பல மடிக்கணினிகளில் மொத்த வட்டே அவ்வளவு கிடையாது. சிலவற்றில் இடைவேளை வரைக்குமே முழுசாக இடம் இருக்காது.

சரி, வட்டில் எழுதிவிட்டுப் பிறகு காட்டும் ‘டைம்ஷிஃப்ட்’ வசதியின் பலன் என்ன? நேரலையிலிருந்து சில நொடி பின்தங்குவது. 2011 ஏப்ரல் 2 இரவு, வான்கடேயில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் குலசேகராவின் பந்தை தோனி தூக்கியபோது, டைம்ஷிஃப்ட் வைத்திருந்தவருக்குப் பக்கத்து வீட்டுப் பட்டாசு முதலிலும் சிக்ஸர் பிறகுமாகத்தான் வந்திருக்கும்.

இனி ஸ்ப்ளிட்டர். ஒரு கேபிளை இரண்டாகப் பிரிப்பது சிக்னலின் ஆற்றலையும் பாதியாக்கும். மடிக்கணினியில் படம் தெளியத் தெளிய, ஹாலிலிருந்து “என்னடா, டிவில புள்ளி புள்ளியா வருது?” என்று அம்மாவின் குரல் உயரும். கேபிள்காரரைக் கூப்பிடவும் முடியாது. ஸ்ப்ளிட்டரை முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார். கேபிள் ஒயர் எத்தனை அடியோ, மடிக்கணினியின் ஊர்சுற்றலும் அத்தனை அடி.

பிறகு டிஜிட்டல்மயம் வந்தது. 2003 செப்டம்பரிலேயே கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி வைக்கச் சொல்லப்பட்ட சென்னைக்கு இது புதிதல்ல. மற்ற ஊர்களுக்கும் படிப்படியாக நீண்டு, நான்காம் கட்டத்தின் கெடு 2017 மார்ச் 31 என்றானது. சிக்னல் பூட்டப்பட்டது, சாவி செட்டாப் பாக்ஸிடம். டியூனர் இனி அந்தப் பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைப் பிடித்துக்கொண்டு, சேனல் மாற்றும் அதிகாரமும் இல்லாமல் உட்கார வேண்டியதுதான். கட்டும் கயிறு ஒன்று மூன்றாயிற்று.

இந்தக் கட்டத்தில் கருதுகோளுக்கே ஆபத்தான ஒரு சான்று கிடைக்கிறது. ஐரோப்பிய ஒளிபரப்புக்காகச் செய்த ரியல்டெக் ஆர்டிஎல்2832யு சிப் கொண்ட மலிவான டியூனர்கள் இந்தியாவில் டிவிக்குப் பெரிதாக உதவவில்லை. தூர்தர்ஷன் 2016-இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் சேவையும் அடுத்த தலைமுறை முறையில் வந்ததால், அதையும் இவை பிடிக்கவில்லை. ஆனால் இந்தச் சிப் அலைகளை அலசாமல் அப்படியே கணினிக்குத் தள்ளும் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். சரியான மென்பொருள் போட்டால் பண்பலை கேட்கும். 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் சொல்லிக்கொண்டே போகும் தம் அடையாளமும் உயரமும் திரையில் வரிசையாக விழும். கேபிள் ஒயரே இல்லாமல், மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தைப் பல்லாவரத்து மொட்டைமாடியிலிருந்து பின்தொடரலாம்.

அதாவது, டிவி தெரிவதை அடியோடு நிறுத்திய பிறகுதான் டியூனர் மடிக்கணினியை மாடிவரைக்கும் போகவிட்டது. என்ன, வெயிலில் திரை தெரியாது. போர்வை ஒன்றும் எடுத்துப் போக வேண்டும்.