சுறாவுக்கு வாய்ப்பூட்டு

கடலில் மூழ்குகிறவனுக்குக் கால் வயிற்றுக் கஞ்சி, மூழ்காமல் மந்திரம் சொல்கிறவனுக்கு வடை பாயசம் என்பது நம் கடற்கரையின் பழைய நியாயம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதைக் கணக்கோடு எழுதிவைத்திருக்கிறார். முத்துக் குளிப்பில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. பெரிய மீன்கள் ஆளைக் கடிக்காமல் கட்டிப்போடும் பிராமணர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்தக் கட்டும் பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரியில் எவனாவது திருட்டுத்தனமாக இறங்கினால் மீன்களே கவனித்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. சம்பளமில்லாத வாட்ச்மேன்!

பிறகு வெள்ளைக்காரன் வந்தான், பகுத்தறிவும் வந்தது. ஆனால் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி' வராமல் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. இலங்கையின் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு கூத்தைச் சொல்கிறார். அவர் மன்னார் பக்கம் அரிப்பு என்ற முத்துக்குளிப்பு ஊருக்குப் போனபோது, பரம்பரைக் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. மனிதர் கத்தோலிக்கர் வேறு. அதைப் பற்றிச் சுறாக்களுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர் கூசாமல் சொன்னார்: "எனக்கு மந்திரம் தெரியாது. ஆனால் பெரியவர் அனுப்பிய ஆள் என்று தெரிந்தால் சுறாக்கள் மரியாதை கொடுக்கும்." தாலுக்கா ஆபீசில் 'இன்சார்ஜ்' கையெழுத்து செல்வது போலத்தான். அந்த மரியாதையை நம்பி, கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சடக்கி இறங்கியவன் பாடுதான் பாடு.

மூச்சை அடக்க வேண்டாம் என்று சொல்லும் கருவி ஒன்று 1943இல் வந்தது. ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் பெட்ரோல் கிடையாது. கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். அந்த வாயுவை அளந்துவிட எமில் கான்யான் செய்த ரெகுலேட்டரைக் கடற்படைக்காரர் ழாக் கூஸ்தோ மனிதன் வாயில் மாட்டினார். மார்ன் ஆற்றில் முதல் சோதனை. படுத்தால் காற்று ஒழுங்காக வந்தது, நிமிர்ந்தால் கொட்டியது, தலைகீழானால் நின்றது. திருத்தி எடுத்துக்கொண்டு மத்தியதரைக் கடலில் இறங்கினார்கள். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி மூழ்கும் இன்றைய ஸ்கூபா பிறந்தது.

அப்போது நம் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தன. 1940லேயே புதுச்சேரி, ஜெர்மானியரை எதிர்த்த தெகோல் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் நமக்குச் சட்டம் கொடுத்தான், சாராயம் கொடுத்தான், ரொட்டி கொடுத்தான். வில்லியனூரில் கவர்னரே வந்து தேர்வடமும் பிடித்தார். காற்றுச் சிலிண்டரை மட்டும் கொடுக்காமலே 1954இல் கிளம்பிவிட்டான்.

குறையொன்றும் இல்லை. பாகூரில் நீச்சலுக்குப் பாடத்திட்டம் தயாராக இருந்தது: இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கை, பம்புசெட் கிணறு, முதுகில் பெரியப்பாவின் கை. தேர்வு, முடிவு, பட்டமளிப்பு எல்லாம் அதே நிமிஷத்தில். மிதந்தால் பாஸ்.

அந்தப் பெரியப்பாவின் மகன்தான் பின்னாளில் புதுச்சேரியில் ஸ்கூபா கற்கப் போனான். முதல் பாடம் நீச்சல் குளத்தில், அதுவும் இடுப்பளவுத் தண்ணீரில். கிணற்றில் குதித்தே வளர்ந்தவனுக்கு அதுவே அவமானம். அடுத்து விதி: எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே நிரப்பிய காற்றை அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். கிணற்றடியில் எவன் அதிக நேரம் மூச்சடக்குவான் என்று பந்தயம் கட்டிய ஊர்க்காரனிடம் இதைச் சொன்னால் எப்படி ஏறும்?

கடலுக்குள் இறங்கினான். காதடைப்பு நீங்க மூக்கைப் பிடித்து ஊதினான். எதிரே வண்ண மீன் கூட்டம். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்ததும், பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முக்குளிப்போர் சைகையில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். அவரும் கடமை தவறாமல் மேலே கூட்டிவந்துவிட்டார். மறுபடி இறங்கினார்கள். இவன் மறுபடி சந்தோஷப்பட்டான். மறுபடி மேலே.

இறங்குவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதன் நகலைப் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். உயிருக்கோ உடம்புக்கோ என்ன நேர்ந்தாலும் தானே பொறுப்பு என்று பையன் எழுதிக் கொடுத்திருந்தான். கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாத்துக்கும் நீதான் பொறுப்புன்னா, அப்பறம் துட்டு எதுக்குடா வாங்குனானுவ?"